சுவிசேஷத்தை வானத்தில் வாசிக்கும் வகுப்பு: ஒரு மதிப்புரை

மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், ஒரு வீட்டின் மாடிக் கூடத்தில் கோடைதோறும் சனிக்கிழமை மாலைகளில் ஒரு கட்டண வகுப்பு நடக்கிறது. நான்கு நற்செய்தி நூல்களில் வரும் நிகழ்ச்சிகளை வானியல் உருவகங்களாக வாசிக்கக் கற்றுத் தருவோம் என்கிறது அதன் துண்டறிக்கை. ஆறு வகுப்புகள், கடற்கரையில் ஓர் இரவு வான்நோக்கல், ஒரு கையேடு, எந்த நாளில் எந்த விண்மீன்கள் தெரியும் என்று சுழற்றிப் பார்க்க அட்டையில் செய்த விண்மீன் வட்டு ஒன்று ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஆளுக்கு 1,800 ரூபாய். நடத்துபவர்கள் சிறு குழுவினர். குறைகளையும் எழுதப் போவதால் அவர்களுடைய பெயரைத் தவிர்க்கிறேன். கொடுத்த பணத்துக்கு வானம் தாராளமாகவே கிடைக்கிறது, உருவகத்தில்தான் பாதிக்கு மேல் தேறவில்லை என்பது என் முடிவு.

அடிப்படைக் கருத்து புதியதன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஷார்ல் பிரான்சுவா துப்புயி என்பவர் 1795இல் வெளியிட்ட பெருநூலில், சமயங்கள் யாவும் சூரியனின் ஆண்டுப் பயணத்தைக் கதையாக்கியவையே என்றும், கிறிஸ்துவின் வரலாறும் அதில் அடக்கம் என்றும் வாதிட்டார். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ராபர்ட் டெய்லர் அதே சரக்கை மேடைதோறும் பேசி, தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக 1828இல் சிறைக்குப் போனார். இவர்கள் வழியில் பன்னிரு சீடர்கள் பன்னிரு இராசிகள் ஆகிறார்கள். கன்னித் தாய் கன்னி இராசி ஆகிறார். டிசம்பரில் தெற்கெல்லையைத் தொட்டுத் திரும்பும் சூரியன், இறந்து உயிர்த்தெழும் மீட்பர் ஆகிறது. முதல் வகுப்பு முழுவதும் இந்த வரலாற்றுக்கே போய்விட்டது. சொன்னதையே சொல்லிக் கொஞ்சம் இழுத்தார்கள். அந்த வகுப்பைத் தவறவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

இரண்டாம் வகுப்புதான் இந்தத் தொடரின் உயிர். அயனச் சலனத்தை விளக்க வந்த ஆசிரியர், பூமியின் அச்சு தலையாட்டும் வழக்கமான படத்தைத் திரையில் போடாமல், பொங்கல் என்றைக்கு என்று கேட்டார். ஜனவரி 14 என்று கூடமே சொன்னதும், சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் எது என்று அடுத்த கேள்வியைப் போட்டார். உத்தராயணம் தை முதல் நாளில் பிறக்கிறது என்கிறது பஞ்சாங்கம். சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல் என்கிறது பள்ளிப் பாடநூல். இடையில் உள்ள இருபத்து நான்கு நாள்கள் எங்கிருந்து வந்தன? பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் சூரியன் நிற்கும் இடமான சம இரவுப் புள்ளி, விண்மீன்களின் பின்னணியில் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் விழுந்த இடைவெளி அது. நம் நாட்டில் பரவலாகக் கையாளப்படும் லாகிரி அயனாம்சத்தின்படி (அயனாம்சம் என்பது இந்த விலகலின் அளவு), கி.பி. 285 வாக்கில் பஞ்சாங்கக் கணக்கும் பருவக் கணக்கும் ஒன்றாக இருந்தன. இன்று அவை ஏறத்தாழ 24 பாகை விலகி நிற்கின்றன. மார்ச் 20, 21இல் வரும் சம இரவு நாளுக்கும் சித்திரை முதல் நாளுக்கும் நடுவே உள்ள தூரமும் அதுவேதான். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று ஆண்டுதோறும் வழக்காடும் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்குக்கூட இது புதுச் செய்தியாக இருந்தது என்பதைக் கூடத்தில் எழுந்த சலசலப்பு காட்டியது. கடினமான ஒரு வானியல் செய்தியைச் சென்னைவாசிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து நற்செய்திக்குத் தாவும்போதுதான் கால் இடறுகிறது. ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்த நகர்வைக் கண்டறிந்துவிட்டார். நற்செய்திகள் எழுதப்பட்ட காலத்தில் சம இரவுப் புள்ளி மேஷத்தை விட்டு மீனத்துக்குள் வந்திருந்ததாம். ஆகையால் மீனவச் சீடர்களும், ஐந்து அப்பங்களோடு பகிரப்பட்ட இரண்டு மீன்களும் மீன யுகத்தின் அறிவிப்பு என்கிறது கையேடு. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் பாஸ்கா என்னும் யூதப் பண்டிகையின் உணவுக்கு இடம் தேடிச் செல்லும் சீடர்களுக்கு எதிர்ப்படும், தண்ணீர்க் குடம் சுமந்த மனிதன் அடுத்து வரவிருக்கும் கும்ப யுகமாம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்மீன் குழுக்களுக்கு இன்றுள்ள எல்லைகளைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வகுத்தது 1928இல். அந்த எல்லைகளின்படி மீனம் மிக அகன்றது, கடகம் மிகக் குறுகியது, சம இரவுப் புள்ளி கும்பத்துக்குள் நுழைவது கி.பி. 2600 வாக்கில்தான். வானத்தில் யாரும் கோடு போட்டிராத முதல் நூற்றாண்டில், அந்தக் கோட்டைத் தாண்டும் தருணத்தை ஒரு நற்செய்தியாளர் எப்படிக் கொண்டாடியிருப்பார் என்ற கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லை. கலிலேயாக் கடலோரத்தில் நடக்கும் கதையில் மீன் வருவதற்கு இராசி மண்டலத்தின் தயவு வேண்டியதில்லை. காசிமேட்டில் நடந்திருந்தாலும் வந்திருக்கும்.

விண்மீன் வட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் உருப்படியான பொருள் அதுதான். ஒரு சாண் அகலமுள்ள தடித்த அட்டை. நடுவில் பித்தளை ஆணி. விளிம்பில் ஆங்கில மாதங்களோடு தமிழ் மாதங்களும் அச்சிடப்பட்டுள்ளன. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், அஸ்தம், சித்திரை, கேட்டை என்று நட்சத்திரப் பெயர்கள் தமிழிலேயே இருப்பதால், ஜாதகத்தில் மட்டுமே கேள்விப்பட்ட பெயர்களைச் சில நிமிடங்களில் வானத்தில் காட்டிவிட முடிகிறது. ஒரு பக்கம் சென்னைக்காக 13 பாகை வட அகலாங்கிற்கும், மறுபக்கம் எருசலேமுக்காக 32 பாகைக்கும் அமைந்திருக்கிறது. இந்த யோசனைக்கே ஒரு சபாஷ் போடலாம். குறைகள் இரண்டு உண்டு. துருவ விண்மீன் நமக்கு வடக்கே வெறும் 13 பாகை உயரத்தில் இருப்பதால், அதை நடுவில் வைத்து வரையும் வட்டில் தென்வானக் குழுக்கள் விளிம்பில் இழுபட்டுச் சிதைந்து தெரிகின்றன. தெற்கு வானத்துக்கென்று தனியாக ஓர் அட்டை கொடுத்திருக்க வேண்டும். மற்றது இன்னும் மோசம். எருசலேம் பக்கத்தில் அச்சிட்டிருப்பது இன்றைய வானம். அயனச் சலனத்துக்காக ஒரு முழு மாலையைச் செலவிட்ட வகுப்பு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வானத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் அதை மறந்துபோனது விந்தைதான்.

பெத்லகேம் நட்சத்திரத்துக்கு ஒதுக்கிய வகுப்பில் குரு–சனி சேர்க்கைதான் மையம். கி.மு. 7இல் இவ்விரு கோள்களும் மீன இராசியில் ஒரே ஆண்டில் மூன்று முறை நெருங்கின. குரு வக்கிரம், சனி வக்கிரம் (கோள் சில காலம் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிவது) என்ற சொற்கள் பழகிய காதுகளுக்கு ஏன் மூன்று முறை என்று விளக்க நேரம் பிடிக்கவில்லை. மத்தேயு சொல்லும் நட்சத்திரம் முன்சென்று நின்றது என்பதைக் கோள் வக்கிரத்தின் திருப்பத்தில் அசையாது நிற்பதோடு ஆசிரியர் பொருத்தினார். விண்மீன்களின் நடுவே கோள் நின்றாலும், அன்றாடம் கிழக்கே எழுந்து மேற்கே மறையத்தான் செய்யும். ஊருக்குள் ஒரு வீட்டின் மேல் அது நிற்க வழியில்லை. இதை அவரே ஒப்புக்கொண்டது மதிப்பைக் கூட்டியது. 2020 டிசம்பர் 21 மாலையில் இவ்விரு கோள்களும் முழுநிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு நெருங்கியதைப் படமாகக் காட்டி, கி.மு. 7இல் அவற்றுக்கிடையே மிகக் குறைந்த இடைவெளியே ஏறத்தாழ இரண்டு நிலவு அகலம் என்று அருகில் வரைந்தபோது, அது ஒற்றை நட்சத்திரமாகத் தெரிந்திருக்காது என்பது சொல்லாமலே விளங்கியது. கையேடு மட்டும், இச்சேர்க்கையே பெத்லகேம் நட்சத்திரம் என்று வானியலர் கெப்ளர் அறிவித்ததாக எழுதியிருக்கிறது. அது தவறு. 1603 டிசம்பரில் குரு–சனி சேர்க்கையையும் அடுத்த ஆண்டில் தோன்றிய புது விண்மீனையும் கண்ட கெப்ளர், கி.மு. 7ஆம் ஆண்டுச் சேர்க்கையைக் கணக்கிட்டார் என்பது மெய்; ஆனால் குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகள் கண்டது அச்சேர்க்கையை ஒட்டித் தோன்றிய தனியொரு புது ஒளி என்பதே அவர் கருத்து.

உருவகவாதம் உண்மையாகவே கனம் பெறுவது நான்காம் வகுப்பில். மாற்கு எட்டாம் அதிகாரத்தில், ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தபோது எத்தனை கூடைகள் மிஞ்சின என்று இயேசு சீடர்களைக் கேட்கிறார்; பன்னிரண்டு என்கிறார்கள். ஏழு அப்பங்களைப் பகிர்ந்தபோது எத்தனை என்கிறார், ஏழு என்கிறார்கள். இன்னுமா உங்களுக்கு விளங்கவில்லை என்ற கேள்வியோடு அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. எண்ணைக் கவனி என்று நூலே வாசகனின் காதைத் திருகும் இடம் அது. பன்னிரண்டு இராசிகள், அவற்றின் ஊடே உலவும் ஏழு கோள்கள் (நம் நவக்கிரகங்களில் ராகு கேதுவை நீக்கினால் கிடைக்கும் அதே ஏழு) என்ற கணக்கு அக்கால மத்தியதரைக் கடல் உலகில் படித்தவர் அனைவருக்கும் தெரிந்தது. பன்னிரண்டு இஸ்ரயேலின் குலங்களையும் ஏழு பிற இனத்தாரையும் குறிக்கும் என்று சொல்லும் விளக்கமும் உண்டு. எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் அருகருகே வைத்தது சரியான முறை.

அதைத் தொடர்ந்து அவர் காட்டிய சான்றுகள்தான் இந்தத் தொடரிலேயே எனக்குப் பெரிதும் பிடித்தவை, ஏனெனில் அவை பிற்கால ஐயவாதிகளின் கற்பனையிலிருந்து அல்லாமல் அக்காலத்து யூதர்களிடமிருந்தும் கிறிஸ்தவர்களிடமிருந்துமே வருகின்றன. யூதத் தலைமைக் குருவின் மார்பணியில் பதித்த பன்னிரு கற்களை மாதங்கள் என்றாலும் சரி, இராசிகள் என்றாலும் சரி என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கலிலேயாக் கடலோரத் திபேரியாவின் அருகில் உள்ள நான்காம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடத்தின் தரையில், நடுவே தேரேறிய சூரியனும் சுற்றிலும் பன்னிரு இராசிகளுமாக வண்ணக்கல் சித்திரம் கிடக்கிறது. பிறப்பை இராசிகள் ஆள்வதுபோல் மறுபிறப்பை அப்போஸ்தலர்கள் ஆள்கிறார்கள் என்று வாலண்டினஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டு ஞானவாதியின் மரபைச் சேர்ந்த தியோடோட்டஸ் கூறியதைத் திருச்சபை எழுத்தாளர் அலெக்சாந்திரியா கிளமெண்ட் குறித்து வைத்திருக்கிறார். வெரோனாவின் ஆயர் சீனோ, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குப் பன்னிரு இராசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிறிஸ்தவப் பொருள் சொல்லி மறையுரை ஆற்றினார். வானத்தையும் நற்செய்தியையும் சேர்த்து வாசிக்கும் பழக்கம் திருச்சபைக்கு உள்ளேயே இருந்திருக்கிறது என்பதை இவை நிறுவுகின்றன. ஆனால் பன்னிருவர் என்று எவரும் இருந்ததே இல்லை என்ற முடிவுக்கு இவற்றில் எதுவும் இட்டுச் செல்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கையேடு ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

பெசன்ட் நகர் கடற்கரை இரவு மே மாதத்தில் நடந்தது. கூட்டமும் சோளம் சுடும் புகையும் குறைந்த பிறகு, ஒன்பது மணியளவில் திருவான்மியூர்ப் பக்கமாகத் தெற்கே திரும்பி நிற்கச் சொன்னார்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஏறத்தாழ பத்துப் பாகை. அந்தக் கணக்கில் அடிவானிலிருந்து ஒன்றரை முட்டிக்குச் சற்று மேலே தென்சிலுவை, நம் வழக்கில் திரிசங்கு, நான்கு விண்மீன்களாகச் சாய்ந்து நின்றது. விளக்கொளி மிகுந்த சென்னை வானில் நான்காவது சற்று மங்கல்தான். டிசம்பர் 22 முதல் மூன்று நாள்கள் சூரியன் இந்தச் சிலுவையின் அருகே அசையாது கிடந்து, 25ஆம் நாள் எழுகிறது என்று கூட வந்த உதவியாளர் மணலில் படம் வரைந்தபடி விளக்கினார். இணையக் காணொளிகளில் அரைத்து அரைத்துப் புளித்த மாவு இது. சூரியன் வடக்கே திரும்பும் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாள்களில் சூரியனின் தெற்குச் சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறுவதில்லை என்பது மட்டும் மெய். மற்றது வானத்தில் நடக்காத கதை. திரிசங்கு அஸ்த நட்சத்திரத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. சூரியன் அஸ்தத்தின் பக்கம் வருவது புரட்டாசியில். மார்கழியில் அது தனுசில் இருக்கும் என்பது தனுர் மாதப் பூசைக்குப் போகும் எவருக்கும் தெரியும். முதல் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தாலும் கதிர்த்திருப்பச் சூரியன் மகரத்தில்தான், சிலுவையிலிருந்து வானத்தில் கால் வட்டம் தள்ளி. மேலும், அக்காலத்து எருசலேமில் இவ்விண்மீன்கள் தெற்கு அடிவானுக்குச் சற்று மேலே தெரிந்தன என்றாலும், பண்டைய வானியலர் தாலமி அவற்றைக் குதிரைமனிதன் உருவத்தின் பகுதியாகவே எண்ணினார். தனிச் சிலுவையாக ஐரோப்பியர் பிரித்தது பதினாறாம் நூற்றாண்டுக் கடலோடிகளின் காலத்தில். கையில் பஞ்சாங்கமும் கழுத்தில் விண்மீன் வட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இப்படியொரு தவற்றைச் சொல்லிக் கொடுப்பதை மன்னிக்க மனம் வரவில்லை.

சிலுவை மரணத்தின்போது நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் இருள் சூழ்ந்ததை எடுத்துக்கொண்ட ஐந்தாம் வகுப்பில், திரையில் முழுச் சூரிய கிரகணத்தின் படம் வந்ததுமே பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பாஸ்கா பௌர்ணமியில் வருகிற பண்டிகை ஆயிற்றே, பௌர்ணமியில் சூரிய கிரகணம் எப்படிப் பிடிக்கும்?” என்று கேட்டார். அமாவாசையில்தான் பிடிக்கும், முழு மறைப்பு எட்டு நிமிடத்தைக்கூட எட்டாது என்று ஆசிரியர் உடனே ஒத்துக்கொண்டு, மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் எழுப்பிய மறுப்பு இது என்று பாராட்டினார். கி.பி. 33 ஏப்ரல் 3 அன்று எருசலேமில் நிலவு எழும்போதே பகுதிச் சந்திர கிரகணம் பிடித்திருந்தது என்ற கணக்கீட்டையும் சொன்னார். பிறகு எதற்கு அந்தப் படம் என்று தெரியவில்லை.

திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா ஜூன் 24, கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25. முன்னதற்குப் பின் பகல் குறைகிறது, பின்னதற்குப் பின் வளர்கிறது. “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்ற யோவான் நற்செய்தி வசனத்தை இதனோடு பொருத்தி அகுஸ்தீனாரே மறையுரை ஆற்றியிருக்கிறார். இதுவும் நல்ல பகுதி. இந்த உருவகம் நமக்கு ஏன் உறைப்பதில்லை என்பதையும் ஆசிரியர் தொட்டார்: சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு, சூரியன் சாகிறது என்ற அச்சம் இந்த ஊரில் பிறக்க வாய்ப்பே இல்லை. ஓரிரு நிமிடத்தில் கடந்துவிட்டார், இன்னும் விரித்திருக்கலாம்.

முறையியலைப் பற்றி ஒரு வகுப்பு இல்லாததுதான் பாடத்திட்டத்தின் பெருங்குறை. எந்த வாழ்க்கை வரலாற்றையும் சூரியக் கதையாக்கிவிடலாம் என்பதை 1827இலேயே பிரெஞ்சு நூலகர் ஜான் பப்டிஸ்ட் பெரேஸ் வேடிக்கையாகக் காட்டிவிட்டார். துப்புயியின் முறையைக் கிண்டல் செய்து அவர் எழுதிய சிறுநூலின்படி நெப்போலியன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. மத்தியதரைக் கடல் தீவில் பிறந்தவர், நான்கு பருவங்களாக நான்கு சகோதரர்கள், இராசிகளாகப் பன்னிரு படைத்தளபதிகள், கிழக்கே எகிப்தில் எழுந்து மேற்குக் கடலில் மறைந்தவர், ஆகவே அவர் சூரியன். நெப்போலியன் இறந்து ஆறே ஆண்டுகளில் வெளிவந்த நூல் அது. இதைப் பாடத்தில் சேர்த்து, எண் பொருந்துவது மட்டும் சான்றாகிவிடாது, நூலாசிரியர் வானத்தைக் கருதினார் என்பதற்கு நூலுக்குள்ளோ அக்காலத்தவர் எழுத்திலோ தடயம் வேண்டும் என்று சொல்லியிருந்தால், மாற்கின் கூடைகள் நிற்பதும் ஞானிகளான மூன்று அரசர்கள் திருவாதிரைக்குப் பக்கத்து மூன்று விண்மீன்கள் என்ற கதை விழுவதும் பங்கேற்றவர்களுக்குத் தாமாகவே புரிந்திருக்கும். மத்தேயு ஞானிகள் எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை, காணிக்கைதான் மூன்று.

உயிர்ப்பு விழா (ஈஸ்டர்) நாளைக் கணிக்கும் முறைக்குக் கையேட்டில் அரைப் பக்கம்தான். மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்ற விதி, ஆயர்களின் நிசேயா சங்கம் கூடிய 325ஆம் ஆண்டிலிருந்து 1582ஆம் ஆண்டு கிரகோரி நாட்காட்டித் திருத்தம் வரை எத்தனை வானியலர்களை வேலை வாங்கியது என்பது உருவகமே இல்லாத உண்மையான வானியல். சாந்தோமிலும் சின்னமலையிலும் ஆண்டுதோறும் தவக்காலத் தொடக்கம் ஏன் தேதி மாறுகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய விடையும் அதுதான்.

நம்பிக்கையுள்ளவர்களை ஆசிரியர் எங்கும் புண்படுத்தவில்லை. மறைக்கல்வி கற்பிக்கும் பெண்மணி ஒருவர் விவிலியத்தோடு வந்து எல்லா வகுப்பிலும் முன்வரிசையில் அமர்ந்து, வசனங்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கும் முகம் கோணாமல் விடை கிடைத்தது. கத்திரி வெயிலில் மாடிக் கூடம் கொதிக்கிறது. மின்விசிறிகள் ஒலிவாங்கியின் குரலை அமுக்குவதால் முன்னால் உட்காருவது நல்லது. வண்டி நிறுத்த இடமில்லை. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். வானத்தில் ஆர்வமுள்ளவர்களும், விவிலியத்தைச் சற்று அகலமாக வாசிக்க விரும்புபவர்களும் தயங்காமல் சேரலாம். மதங்களைப் பொய்யென்று நிறுவவோ மெய்யென்று நிறுவவோ ஆயுதம் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. ஒரே வகுப்புக்கு மட்டும் வர 350 ரூபாய் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இரண்டாவதையும் நான்காவதையும் தேர்ந்துகொண்டு, வட்டைத் தனியாக 200 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதே சிக்கனம். கையேட்டைத் திருத்திய பதிப்பு வரும்வரை விட்டுவிடலாம்.